நூற்றைம்பது மில்லிமீட்டருக்கு மிக அருகில்

மார்லிஸ் பொகோர்னியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அந்தக் கதைதான் வரும். அரை அங்குலத்துக்காகக் கட்டின புருஷனையே போட்டியிலிருந்து தூக்கி வெளியே போட்டவள். பிளாட் ஆற்றுக்குத் தெற்கே உள்ள நாலு மாவட்டங்களிலும், பழைய விமானத் திடலில் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டுகிற ஆட்கள் எல்லாருக்கும் அது தெரியும். புதிதாகச் சேருகிறவனுக்கு ஹெல்மெட் மாட்டிவிடுவதற்கு முன்பே யாராவது சொல்லிவிடுவார்கள். மார்லிஸ் காதில் விழாத மாதிரிதான் இருப்பாள். ஆனால் அந்தக் கதை ஓடிக்கொண்டிருக்கும் கும்பலைக் கடக்கும்போது அவள் நடை கொஞ்சம் மெதுவாகும். அதைக் கவனித்தவன் அவள் புருஷன் வெர்லின் ஒருவன்தான்.

நியூ டாபோர் ஊரில் விவசாய இயந்திரக் கடையின் உதிரிபாகக் கவுன்ட்டரில் பத்தொன்பது வயதில் வேலைக்கு நின்றவள். ஐம்பத்தேழு வயதிலும் அதே கவுன்ட்டர், அதே ஸ்டூல். முன்னால் பதினாலடி நீளத்துக்கு உதிரிபாகப் புத்தகங்கள். அறுவடை நாளில் ஒரு எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் ஒரு மனிதனுக்கு அரைநாள் போகும், மழை வந்தால் முழு வயலும் போகும். அதனால் அவளிடம் வாயால் சொல்லி எதையும் வாங்க முடியாது.

"அந்தப் பச்சை மெஷினுக்கு ஒரு பேரிங் குடு, மார்லிஸ்."

"பச்சைன்னு எந்தப் புத்தகத்துலயும் பாகம் இல்ல. வரிசை எண் என்ன?"

"வயல்ல இருக்கு மெஷின்."

"அப்ப வயலுக்குப் போய்ப் பாத்துட்டு வா."

திட்டிக்கொண்டே போவார்கள். சரியான பேரிங்கோடு ஊர் திரும்புவார்கள். அடுத்த வருஷம் எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு வருவார்கள்.

கார்ப் பந்தயத்துக்கு அவள் வந்தது வெர்லினால். மின்கம்பம் ஏறும் வேலை அவனுக்கு. உயரத்தில் நிற்பவனுக்குத் தரையில் வேகம் வேண்டியிருந்ததோ என்னவோ, அறுபத்தெட்டாம் வருஷம் அந்தக் கிளப்பில் சேர்ந்தான். யுத்தகாலத்தில் போட்ட கான்கிரீட் ஓடுதளம், வெடிப்புக்குள் புல், நடுவே கோன்கள் எனப்படும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்புகள். ஒரு நேரத்தில் ஒரு கார். கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போய்வர வேண்டும், கடிகாரத்தோடுதான் போட்டி. ஒரு ஞாயிறு அவனோடு வந்த மார்லிஸ், அவன் முறை வரும்வரை காரில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தாள். படிக்க எதுவும் இல்லை, கிளப்பின் விதிப்புத்தகம் மட்டும் கிடந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். பிறகு இறங்கிப் போய், அப்போதைய பொறுப்பாளரிடம் பன்னிரண்டாம் பக்கம் சொல்வதை முப்பத்தொன்றாம் பக்கம் மறுக்கிறது என்றாள். அந்த ஆள் இரண்டு பக்கத்தையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். அடுத்த வருஷத்திலிருந்து வண்டிச் சோதனை அவள் பொறுப்பு.

சக்கர விதிதான் அவள் பேரை வாங்கிக் கொடுத்தது. சாதாரணக் கார்கள் ஓடும் பிரிவில் நோக்கம் ஒன்றுதான்: சனிக்கிழமை பால் வாங்கப் போன கார் ஞாயிற்றுக்கிழமை ஓட வேண்டும், அவ்வளவு. சக்கரம் அகலமானால் டயர் அகலமாகும், டயர் அகலமானால் தரையைக் கவ்வும். ஆகவே தொழிற்சாலையிலிருந்து காரோடு என்ன அகலத்தில் வந்ததோ அதே அகலம்தான். விட்டம் மட்டும் ஓரங்குலம் கூடலாம், குறையலாம். படிக்க ஒரு மூச்சு போதும். ஆனால் ஜெயிக்க ஆசைப்படுகிறவன் கண்ணுக்கு அதில் ஆயிரம் ஓட்டை தெரியும்.

பின்சக்கரம் அகலமாக வரும் கார் ஒன்றை வைத்திருந்த ஒருவன், "ரெண்டு அளவும் தொழிற்சாலை அளவுதானே, பின்னால உள்ளதை முன்னாலயும் போட்டுக்கறேன்" என்று வந்தான். "புத்தகத்துல 'அந்தந்த இடத்துக்கு'ன்னு இருக்கு. முன் சக்கரத்தோட இடம் முன்னால" என்றாள் மார்லிஸ். இன்னொருவன் எதிராளியின் சக்கரத்தை வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து, "பாரு, ஓரங்குலம் ஜாஸ்தி!" என்று கத்தினான். சக்கரத்தின் அகலம் டயர் உட்காரும் உள்பக்கத்து அளவு. "உன் இடுப்பை நீ போட்டிருக்கற கோட்டோட சேத்து அளந்தா உனக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டு அவனை அனுப்பினாள். தொலைபேசியில் வேறு ஊர்க் கிளப்புகளிலிருந்தும் கேட்க ஆரம்பித்தார்கள். கடை முதலாளி அவளுக்குத் தனி இணைப்பு கொடுத்துவிடலாமா என்று முணுமுணுத்தது உண்டு.

புருஷனைத் தள்ளின அந்தக் கதை நடந்தது தொண்ணூற்றொன்றில். வெர்லினிடம் அப்போது கூபே என்கிற இரட்டைக் கதவுக் கார் ஒன்று இருந்தது. அந்த மாடலுக்கு மட்டும் சக்கரம் மில்லிமீட்டர் கணக்கில் வந்தது. அகலம் நூற்றைம்பது. அந்த அளவுக்கு டயர் தேடி அலுத்துப்போய் ஆறங்குல அகலச் சக்கரம் நாலு வாங்கிப் போட்டு, வருஷக் கடைசிப் போட்டியில் ஜெயித்தும் விட்டான். இரண்டாவதாக வந்தவன் டுவேன் ஷ்லூட்டர். பன்றிப் பண்ணைக்காரன், பெரிய குரல், பெரிய மனசு, தோற்றால் மட்டும் தாங்காது. எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தான். சோதனைப் பொறுப்பாளர் சொன்னால் சொன்னதுதான் என்பது கிளப் வழக்கம். மார்லிஸ் அளந்தாள். மில்லிமீட்டர் சக்கரத்துக்கு அங்குலத்தில் மிக அருகில் உள்ள அளவு என்கிறது விதி. ஐந்தரைதான் செல்லும், ஆறு செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கோப்பை டுவேனுக்குப் போனது.

மறுநாள் காலை சாப்பாட்டுக் கடையில் வெர்லினேதான் முதலில் அந்தக் கதையைச் சொன்னான். "நேத்து என் வீட்டம்மா என்னைக் கழட்டிக் கீழ போட்டா பாரு!" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தான். அங்கிருந்து கதைக்குக் கால் முளைத்தது. அந்த நாளிலிருந்து மார்லிஸின் தீர்ப்பை எதிர்த்து யாரும் மூச்சு விட்டதில்லை.

மூன்று வருஷம் கழித்து, தொண்ணூற்றுநாலு செப்டம்பர் கடைசி ஞாயிறு. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் கார்லிஸ் வெடல் என்ற பெண் கிளப்புக்கு வந்து இரண்டாவது வருஷம்தான் ஆகியிருந்தது. அதே மாடல் கூபே, அவள் அண்ணன் கொடுத்தது. கடைசி ஓட்டத்தில் ஒரு கோனைக்கூடத் தொடாமல் வந்து, நொடியில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் டுவேனை முந்தினாள். அந்த ஓட்டத்தோடு வருஷத்துக் கோப்பையும் அவளுடையது. பஸ்ஸில் வரும் பிள்ளைகள் திங்கட்கிழமை கேட்பார்களே என்று அவள் கூத்தாடிக்கொண்டிருக்கும்போதே டுவேன் ஒரு காகிதத்தோடு வந்தான். காகித ஓரத்தில் மிளகாய்க் குழம்பின் கறை.

"ஆட்சேபம். எழுத்துல இருக்கு, தேதி இருக்கு, கையெழுத்து இருக்கு."

மார்லிஸ் வாங்கிப் படித்தாள். இரண்டே வரி. 'கார் எண் நாற்பத்தொன்றின் சக்கரம் ஆறங்குலம். 1991 தீர்ப்பைப் பார்க்கவும்.'

"இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல, மார்லிஸ். நீயே எழுதின தீர்ப்பு. உன் வீட்டுக்காரனுக்கு ஒரு சட்டம், பஸ் ஓட்டுற பொண்ணுக்கு ஒரு சட்டமா?"

"நான் இன்னும் வாயே திறக்கல, டுவேன்."

"அதுக்கு முன்னாடி ஞாபகப்படுத்தறேன்."

கார்லிஸின் முகத்தில் ரத்தமே இல்லை. "அந்தக் கதை எனக்குத் தெரியுங்க. எல்லாரும் சொன்னாங்க. ஆனா அது இந்த வீல்தான்னு ஒருத்தரும் சொல்லலீங்களே."

அது உண்மைதான். கதையில் புருஷன் இருந்தான், பெண்டாட்டி இருந்தாள், அரை அங்குலமும் இருந்தது. எந்தச் சக்கரம் என்பது எப்போதோ உதிர்ந்து போயிருந்தது.

"புத்தகத்தைப் பாத்துத்தாங்க வாங்கினேன்" என்றாள் கார்லிஸ். "டயர் கடையில நூத்தைம்பதுக்கு ரொம்பப் பக்கத்துல எதுன்னு கேட்டேன். ஆறுன்னான். புத்தகத்துல மிக அருகில்னுதானே போட்டிருக்கு?"

"தாண்டாம மிக அருகில்" என்றாள் மார்லிஸ்.

"தாண்டாமன்னு எங்கங்க இருக்கு?"

எதிர்த்துப் பேசும் குரல் இல்லை அது. தெரியாததைக் கேட்கிற குரல்தான். மார்லிஸ் புத்தகத்தைத் திறந்தாள். திறக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை, மனப்பாடம். அந்தப் பெண்ணின் திருப்திக்காகச் சத்தமாகப் படித்தாள்: "மில்லிமீட்டரில் அளவிட்ட சக்கரங்களோடு வந்த கார்களுக்கு, அரை அங்குலப் படிகளில் அதற்கு மிக அருகில் உள்ள, அதைத் தாண்டாத—"

நாக்கு அங்கேயே நின்றது. 'அதைத் தாண்டாத' என்று வாய் சொன்னது. கண்ணுக்கு அது கிடைக்கவில்லை. 'மிக அருகில் உள்ள அளவு' என்று அச்சில் இருந்தது, அடுத்தது முற்றுப்புள்ளி. மேல் வரியைப் பார்த்தாள், கீழ் வரியைப் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பிப் பின்னாலும் பார்த்தாள்.

டுவேன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். விதி வாசிக்கும்போது அவன் எப்போதும் அப்படித்தான்.

மார்லிஸ் இடுப்பிலிருந்த இரும்பு டேப்பை இழுத்துக் காரின் முன்மூடிமேல் வைத்தாள். ஒரு ஓரத்தில் மில்லிமீட்டர், மறு ஓரத்தில் அங்குலம். நூற்றைம்பதில் கட்டைவிரல் நகத்தை வைத்தாள். எதிர் ஓரத்தில் ஆறு என்ற எண் நகத்துக்கு ஒட்டினாற்போல் இருந்தது. இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஐந்தரையோ பத்து மில்லிமீட்டருக்கும் அப்பால் கிடந்தது. டேப் சரட்டென்று உள்ளே ஓடியது.

"அஞ்சு மணிக்குத்தான் கோப்பை குடுப்போம். அதுக்குள்ள சொல்றேன்" என்றாள்.

முப்பத்தெட்டு வருஷக் கவுன்ட்டர் பழக்கம் அது. அங்குலத் துளைக்கு மில்லிமீட்டர் போல்ட்டைத் தூக்கிக்கொண்டு வரும் விவசாயி, 'பக்கத்து அளவு குடு' என்பான். அவள் கை தானாகச் சின்னதைத்தான் எடுக்கும். பெரியது துளைக்குள் போகாது, பக்கத்து அளவாக இருந்தும் என்ன லாபம்? அந்தக் கையே புத்தகத்துக்குள்ளும் புகுந்து, இல்லாத இரண்டு வார்த்தையை அங்கே செருகிவிட்டு வந்திருக்கிறது. மூன்று வருஷமாக ஒருவர்கூட அந்த வரியைத் திறந்து பார்க்கவில்லை. சொந்தப் புருஷனையே தள்ளினவள் தப்பாகப் படித்திருப்பாள் என்று யாருக்குத் தோன்றும்?

ஓடுதளத்தின் கோடியில் வெர்லின் கோன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். கார் ஓட்டாத நேரத்தில் எல்லோரும் அந்த வேலை செய்தாக வேண்டும். காற்று தெற்கிலிருந்து சோளக்கொல்லையின் வாசனையைக் கொண்டுவந்து போட்டது.

"வெர்லின், உன் வீல் சரிதான்."

"எந்த வீல்?"

"தொண்ணூத்தொண்ணுல. சரியா இருந்தது. நான்தான் தப்பாப் படிச்சேன்."

அவன் கையிலிருந்த கோனைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ இருப்பதுபோல் பார்த்து, மறுபடி மாட்டினான்.

"எவ்வளவு தப்பு?"

"ரெண்டு வார்த்தை. புத்தகத்துல இல்லாத ரெண்டு வார்த்தை."

"டுவேனுக்குத் தெரியுமா?"

"அவன் வாசிக்கற ஆளா?"

"அந்தப் பொண்ணுக்கு?"

"கேட்டுட்டா. பதில் சொல்றதுக்குள்ள நான் டேப்பைச் சுருட்டிட்டேன்."

வெர்லின் கீழே வைத்த கோனை மறுபடி எடுத்தான். "விட்டுடு, மார்லிஸ்" என்றான். "அஞ்சரைன்னே சொல்லிடு. ஒரு மனுஷனும் கேக்க மாட்டான். அவ சின்னவ, அடுத்த வருஷம் அஞ்சரை போட்டு ஜெயிப்பா. எனக்குத் தோக்கறது பழகிப்போச்சு. உனக்குத் தப்புப் பண்ணிப் பழக்கம் இல்ல."

"அது பழக்கமில்லன்னுதான் பயமா இருக்கு."

"ஊரே உன்னைப் பத்தி ஒரே ஒரு கதைதான் சொல்லுது."

"அது பொய்க்கதைன்னு இப்ப எனக்குத் தெரியுமே. அதைச் சொல்லும்போது நான் எந்த மூஞ்சிய வச்சுக்கறது?"

வெர்லின் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "மூணு வருஷமா என் வாயாலேயே நான் ஒழுங்கில்லாதவன்னு ஊருக்குச் சொல்லிட்டிருந்திருக்கேன். நல்லா இருக்குடி உன் நியாயம்!"

"கோவமா?"

"கோவம் அடுத்த வாரம் வரும். இப்பப் போய் எழுது. பென்சில்ல எழுதாத."

ஐந்து மணிக்கு ஒரு லாரியின் பின்பலகையில் ஏறி நின்று மார்லிஸ் காகிதத்தை விரித்தாள். நாற்பது பேர் இருப்பார்கள். குரல் கவுன்ட்டர் குரலாகத்தான் வந்தது.

"ஆட்சேபம் தள்ளுபடி. நூற்றைம்பது மில்லிமீட்டருக்கு மிக அருகில் உள்ள அளவு ஆறங்குலம். கார் எண் நாற்பத்தொன்றின் சக்கரங்கள் விதிப்படி சரி. 1991-இல் இதே சக்கரங்களுக்கு நான் கொடுத்த தீர்ப்பு தவறு. விதியில் இல்லாத வார்த்தைகளை நான் இருப்பதாகப் படித்தேன். அந்த வருஷம் வெர்லின் பொகோர்னி நியாயமாக ஜெயித்தார்."

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்த கதை கண்ணெதிரே உடைந்துகொண்டிருந்தது. அதை எங்கே கீழே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

டுவேனின் குரல்தான் முதலில் எழுந்தது. "இரு இரு. இப்ப நான் ஒரு கப்பு வாங்க வந்தேன். நீ என்ன, வீட்டுல இருக்கற கப்பையும் கேக்கறியா?"

"முப்பது நாளுக்கு அப்புறம் முடிவு மாறாது, பக்கம் ஒன்பது. கப்பு உன்னுதுதான். ஜெயிச்சது நீ இல்ல."

"அதுக்குள்ள என் பொண்டாட்டி சட்டைப் பட்டன் எல்லாம் போட்டு வச்சிருக்கா!"

"போடட்டும்" என்றான் வெர்லின் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து. "பட்டனாவது ஒழுங்கா ஜெயிச்சு உள்ள போச்சு."

அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. டுவேனும் சிரித்தான், கழுத்தெல்லாம் சிவந்து. கார்லிஸ் கோப்பையை வாங்க ஏறினபோது மார்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நான் சும்மாதாங்க கேட்டேன்" என்றாள்.

"அடுத்த தடவையும் சும்மா கேளு" என்றாள் மார்லிஸ்.

தீர்ப்பு அந்த மாதக் கிளப் இதழில் முதல் பக்கத்தில் வந்தது. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போடலாமே என்று இதழ் அச்சிடுபவர் சொல்லிப் பார்த்தார். 'தப்பைப் பெரிய எழுத்துலதானே பண்ணினேன்' என்று அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியூர்க் கிளப்புகளிலிருந்து வரும் தொலைபேசி நின்றுபோகும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. கூடியது. முன்பெல்லாம் 'நீங்க சொன்னா சரி' என்று வைத்துவிடுவார்கள். இப்போது ஒவ்வொருவனும் புத்தகத்தை எதிரே விரித்து வைத்துக்கொண்டு, 'எந்த வரியில இருக்கு, மேடம்?' என்று கேட்டான். கடை முதலாளி தனி இணைப்பைப் போட்டே விட்டார்.

ஆனாலும் ஜனவரியில், தீயணைப்பு நிலையத்து மாடியில் வருஷக் கூட்டம் நடந்தபோது, அவள் ராஜினாமாவைத் தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தாள். வெளியே பனி முழங்கால் உயரம். மேசையில் மிளகாய்க் குழம்பு ஒரு பெரிய பாத்திரம், பக்கத்தில் லவங்கப்பட்டை ரொட்டிச் சுருள்கள். அவள் எழுந்து தொண்டையைச் செருமுவதற்குள் டுவேன் எழுந்துவிட்டான், கையில் பாதி ரொட்டியோடு.

"வண்டிச் சோதனைக்கு மறுபடியும் மார்லிஸ். நான் முன்மொழியறேன்."

"நான் ராஜினாமா—"

"உக்காரு, நான் பேசறேன். இவ என் ஆட்சேபத்தை வெளிய தள்ளினா. புருஷனை வெளிய தள்ளினா. போன செப்டம்பர்ல தன்னையே வெளிய தள்ளினா. இனிமே இந்த ஊர்ல இவ தள்ளத் தயங்கற ஆள் மிச்சம் இருக்கா? இதைவிட நேரான ஆள் ஒமாஹா பட்டணத்துல தேடினாலும் கிடைக்காது."

மேசையைத் தட்டும் சத்தம் மாடி முழுக்கக் கிளம்பியது. மார்லிஸ் நின்றுகொண்டே இருந்தாள். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. ராஜினாமாக் காகிதத்தை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு டுவேனைப் பார்த்தாள்.

"முன்மொழிவு எழுத்துல இருக்கணும். வழிமொழிய இன்னொரு கையெழுத்தும் வேணும். பக்கம் நாலு."

"பாத்தியா!" என்று டுவேன் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தான். ரொட்டி வைத்திருந்த காகிதத் தட்டைக் கவிழ்த்து அதன் முதுகில் எழுதத் தொடங்கினான்.

கார்லிஸ் பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதற்குள் வெர்லின் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் நின்றான்.

"வரிசைல வாம்மா" என்றான். "இதுல முதல் பாத்தியதை எனக்கு."

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவன் தட்டின் முதுகில் இருந்ததை ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தான். மார்லிஸ் காத்திருந்தாள்.